கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேனாம்

மக்கா,

திங்கட்கிழமை சாயங்காலம் நீ தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுவாய். இதையெல்லாம் நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக உன் பின்னாலேயே நடந்து பார்த்தேன். நேரில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், அது உன் வழக்கம். நான் எரிச்சல்பட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன், அது என் வழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். பெட்டியில் துணிகளுக்கு மேலே வைத்துவிடுவேன். கொல்லம் தாண்டின பிறகு எடுத்துப் படி. அழுகை வந்தால் எதிர் சீட்டில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதே. பார்த்துவிட்டுப் போகட்டும்.

மேல்படிப்புக்கு இடம் கிடைத்த அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாய். "சர்ஜரி கிட்டல்லம்மா. அனஸ்தீஷியாதான் கிட்டிச்சு." நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். நீ பின்னாலேயே வந்தாய். "ஒனக்கும் பிடிக்கல்ல, இல்லியா? எனக்கே பிடிக்கல்ல. மயக்கம் குடுக்கிற டாக்டரோட முகம்கூட நோயாளிக்கு ஓர்மை இருக்காது" என்றாய். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். அன்றிலிருந்து நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாய். மகன் கத்தி பிடிக்கிற டாக்டராவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அம்மா ஏமாந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை மக்கா. நீ எதைப் படித்தாலும் எனக்கு ஒன்றுதான், பல் பிடுங்கப் படித்திருந்தால்கூட ஊரெல்லாம் பெருமையடித்திருப்பேன். அந்தப் படிப்பின் பெயரைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அது ஏன் என்று சொல்லாமல் உன்னை ரயில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு ஒரு தங்கை பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். செத்துப் பிறந்தாள் என்று தெரியும். அப்படித்தான் உன்னிடம் சொன்னேன், சொந்தபந்தம் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை இல்லை. அவள் உயிரோடு பிறந்தாள். கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சின்மேல் கிடந்தாள். நான் அவளோடு பேசினேன். உன் அப்பாவோடு பேசினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு துணுக்குகூட இல்லை. என் வயிற்றில் பிறந்த பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது.

என்னுடைய ஞாபகசக்தி நம் சொந்தத்தில் பேர்போனது, உனக்கே தெரியும். எந்தக் கல்யாணத்தில் யார் என்ன பட்டு உடுத்தி வந்தார்கள், எந்தச் சம்பந்தி சாம்பாரில் உப்பு இல்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்தார் என்று இன்றைக்கும் கேட்டால் சொல்லுவேன். "இவ ஒருத்தி இருக்கையில நமக்கு எதுக்கு கணக்கப்பிள்ளை?" என்று உன் அப்பா கேலி செய்வார். அன்றைய காலையும் எனக்கு அப்படியே இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பில் படித்தாய். கரமனையில் வாடகை வீடு. அப்பாவும் பெரியப்பாவும் சாலைக் கடைத்தெருவில் சேர்ந்து பாத்திரக்கடை நடத்திவந்த காலம். வலி எடுத்து ஒரு ராத்திரி முழுக்கக் கழிந்தும் பிள்ளை இறங்கவில்லை, குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை, அந்த இடத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

முழுவதும் மயக்க வேண்டாம், முதுகில் ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், முழித்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். என்னை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்கவைத்து நடு முதுகில் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் என்னுடையதாக இல்லாமல் போயின. நெஞ்சுக்கு நேரே ஒரு துணியைத் தொங்கவிட்டு மறைத்தார்கள், இரண்டு கையையும் நீட்டிப் பலகையில் கட்டினார்கள். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. வலி இல்லை, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ என் வயிற்றுக்குள் கையை விட்டுப் பாத்திரம் விளக்குவதுபோல இருந்தது. பிறகு ஒரு பெரிய இழுப்பு, உடம்பு சட்டென்று லேசானது. பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "ஏன் அழல்ல? பிள்ளை ஏன் அழல்ல?" என்று கத்தினேன். கட்டியிருந்த கையை இழுத்தேன், தலையைத் தூக்கினேன், வயிறு திறந்து கிடக்கிற மேஜையில் நான் திமிறிக்கொண்டு கிடந்தேன். தலைமாட்டில் நின்ற டாக்டர் குனிந்து என் நெற்றியில் கையை வைத்தார். "பேடிக்கண்டா அம்மா. ஒரு குத்து, அத்ரயே உள்ளூ", பயப்படாதே, ஒரே ஊசி, அவ்வளவுதான் என்று சொல்லி என் கையில் ஏற்கெனவே இருந்த குழாயில் மருந்தை ஏற்றினார். அவருடைய கண்ணாடியில் மேலே இருந்த பெரிய விளக்கு தெரிந்தது. அதுதான் எனக்குக் கடைசி.

அதற்கு அடுத்து என் தலையில் இருப்பது வார்டு. ஜன்னல் கம்பியில் வெயில் சாய்ந்திருந்தது. தலையைத் தூக்கக் கூடாது என்று யாரோ அழுத்திப் பிடித்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார், குளித்துவிட்டு வந்ததுபோலத் தலை ஈரமாக இருந்தது. "பிள்ளை எங்க?" என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கொண்டு போயி அடக்கியாச்சேளா. நீதான சரின்னு சொன்ன?" என்றார். "நான் எப்போ சொன்னேன்? நான் பிள்ளையையே பாக்கலியே!" என்றேன். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்போல அங்கே நின்ற சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "அம்மே, ஓர்மையில்லே? குஞ்ஞினோடு எத்ர நேரம் சம்சாரிச்சு!" என்றாள். பிள்ளையோடு நான் எவ்வளவு நேரம் பேசினேனாம். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. பால் மணம் மாறாத பிள்ளை போய்விட்டால் எரிப்பதில்லை, புதைப்பதுதான். இருட்டுவதற்குள் கொண்டுபோய்விட வேண்டும். காரியம் கிடையாது, துக்கம் கேட்க யாரும் வர மாட்டார்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை, காட்டினால் அவள் தேறமாட்டாள் என்று காட்டுவதும் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பெரியப்பா அவசரப்படுத்தியிருக்கிறார். "பொம்பளைகிட்ட என்னத்தக் கேக்கதுக்கு? தாமசியாத, கொண்டு போவோம்" என்றிருக்கிறார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசாத உன் அப்பா, கடையில் கூட்டல் கழித்தல் தப்பாக இருந்தால்கூட அண்ணன் முன்னால் வாய் திறக்காத மனிதர், அன்று பேசியிருக்கிறார். "பெத்தவ அவ. அவகிட்ட கேக்காம நான் பிள்ளைய வெளிய எடுக்க மாட்டேன்." இப்படிச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். நானும் சரி என்றிருக்கிறேன். எனக்காக அவர் ஊர் வழக்கத்தை எதிர்த்துச் செய்த ஒரே காரியம் அதுதான். அது என்னிடம் வந்து சேரவே இல்லை.

நான் நம்பவில்லை மக்கா. எப்படி நம்புவேன்? பிள்ளை அழவில்லை, அது என் காதுக்குத் தெரியும். செத்துப் பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, நான் தேறிக்கொள்ளட்டும் என்று உன் அப்பாவும் அந்தச் சிஸ்டரும் சேர்ந்து ஒரு கதை கட்டிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வீட்டுக்கு வந்த அன்றே அவரிடம், "இந்தப் பொய்யை இனி என் முன்னால சொல்லாதீங்க. பிள்ளை செத்துத்தான் பிறந்திச்சு" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நீ வந்து, "பாப்பா எங்கம்மா?" என்று என் முந்தானையைப் பிடித்தாய். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீ இன்னும் ஒரு தடவை கேட்டதற்கு உன் முதுகில் ஒன்று வைத்தேன். அதன்பிறகு நீயும் கேட்கவில்லை.

அவர் மறுபடி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் முடித்து, மெடிக்கல் காலேஜில் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய், அத்தனை வருஷமும் திறக்கவில்லை. கடைக்குத் தாயோடு வருகிற சின்னப் பெண்பிள்ளைகள் கையில் ஒரு பித்தளைச் சொப்பைச் சும்மா கொடுத்து அனுப்புவார். "இப்படி வாரிக் குடுத்தா கடை விளங்கினாப்பலதான்" என்று நான் அதற்கும் அவரைக் கடிந்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொள்வார். தன் மகளைக் கையில் வாங்கிய ஒரு மனிதர் என் பக்கத்தில் படுத்து, என் பக்கத்தில் சாப்பிட்டு, அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்தார்.

இனி சொல்லப்போவது உனக்கு நினைவிருக்கும், ஆனால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ ஹவுஸ் சர்ஜனாக இருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாய். போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கிழவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த கதையைச் சொன்னாய். முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்து, பயப்படுகிறாரே என்று கையிலும் ஒரு மருந்து கொடுத்தீர்களாம். அவர் ஆபரேஷன் நடக்கிற நேரம் முழுக்கத் தன் வீட்டுப் பசுவைப் பற்றிப் பேசி, அதைப் பெரிய டாக்டரின் தலையிலேயே கட்டப் பார்த்தாராம். டாக்டரும் விளையாட்டுக்கு விலை பேசினாராம். மறுநாள் காலையில் நீ போய், "என்ன தாத்தா, பசு எப்போ வரும்?" என்று கேட்டதற்கு, "எந்தப் பசு டாக்டரே? எனக்கு எப்போ ஆபரேஷன்?" என்றாராம். நான் புரையேறச் சிரித்தேன். நீ நடித்துக் காட்டிய விதம் அப்படி. "ஒண்ணுமே ஓர்மை இருக்காதும்மா. கண்ணை முழிச்சிட்டு நம்மளப்போலப் பேசுவாங்க. அந்த மருந்து அப்படி. பாவம், ஓர்மை இருந்தா பயந்த பயமெல்லாம் மனசுல கிடக்கும். இல்லாததே நல்லதுதான்" என்றாய்.

உன் அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். "சொல்லுவாங்கப்பா. பெயரு, ஊரு, பிள்ளைங்க எத்தனை, எல்லாம் சொல்லுவாங்க." "சொல்லிட்டு, சொன்னதே தெரியாதா?" "தெரியாது. சத்தியம் பண்ணுவாங்க, நாங்க பேசவே இல்லன்னு." அவர் மோர்ச் சோறு வாங்காமல் எழுந்துவிட்டார். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று நீ கேட்டாய். "வயித்துக்குச் சரியில்ல" என்று நான்தான் சொன்னேன். நீ அடுத்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். உன்மேல் தப்பில்லை. பெற்றவர்கள் இருவர் முன்னாலும் நீ எதைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நான் பின்னால் போனேன். அவர் கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். என்னைப் பார்க்காமல், "நான் பொய் சொல்லல்லளா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத வாய் இது. வாளியை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். அவர் வாய்விட்டு அழுதார். அவர் அம்மா செத்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பின பிறகு, "சொல்லுங்க" என்றேன். இத்தனை வருஷம் வாயைப் பொத்தி வைத்தவள் நானே கேட்டேன். அவர் சொன்னார். எனக்கு மருந்து ஏற்றின கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதாளாம், பூனைக்குட்டி முனகுவது மாதிரி. ஆனால் மூச்சு சரியாக வரவில்லை, நீலம் பாரித்துக்கொண்டே வந்திருக்கிறது. செய்வதெல்லாம் செய்து பார்த்துவிட்டு டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். அந்தச் சிஸ்டர்தான், அப்பனையும் கூப்பிடுவோம் என்று சொல்லி, செருப்பைக் கழற்றவைத்து, தலையில் ஒரு துணியைக் கட்டி அவரை உள்ளே அழைத்துப் போனாளாம். என் ஒரு கையை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் கிடத்தியிருக்கிறார்கள். துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் என் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார்களாம். நான் இவரைப் பார்த்ததும், "சாப்டீங்களா?" என்று கேட்டேனாம். "பையன் எங்க?" என்றேனாம். "பக்கத்து வீட்ல நிக்கான்" என்று சொல்லியிருக்கிறார். "சாயங்காலம் அவனுக்குப் பால் காய்ச்சிக் குடுக்கச் சொல்லுங்க" என்றேனாம். இப்படிப் பேசுகிறவளுக்கு நினைவில்லை என்று யார் நினைப்பார்கள்? டாக்டரே நினைக்கவில்லையே.

பிறகு பிள்ளையிடம் பேசினேனாம். "அழாத, ஒங்க அண்ணன் ஒனக்குன்னு சிலேட்டுல ஆனை வரைஞ்சு வச்சிருக்கான், கட்டிலுக்கு அடியில இருக்கு. நாளைக்குக் காட்டுவான்" என்று சொன்னேனாம். அந்த ஆனையைப் பற்றி உன் அப்பாவுக்குத் தெரியாது. பாப்பா வருகிற வரைக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ என்னிடம் மட்டும் காட்டி, அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் கட்டின கதையாக இருந்தால் அதில் அந்த ஆனை எங்கிருந்து வரும்? "நெஞ்சுக்குழியில மூச்சு இழுத்துக்கிட்டே இருந்துது. நீ தடவிக்கிட்டே இருந்த. ஒன் கைக்கு அடியிலதான் அடங்கிச்சு" என்றார். பிறகு வெளியே வந்து பெரியப்பாவோடு பேசிவிட்டு, திரும்ப உள்ளே வந்து, "கொண்டு போகட்டுமா?" என்று என்னிடம் கேட்டாராம். "நீ சரின்ன" என்று நிறுத்திவிட்டார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

என் புத்தியைப் பார், அதற்குப் பிறகும் எனக்கு ஆறவில்லை. இன்னொரு வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது. அந்தச் சிஸ்டருக்கு வித்துரா பக்கம் வீடு என்று விசாரித்து, அந்த மாசமே பஸ் ஏறிப் போனேன். உன் அப்பா வரவில்லை. சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருந்தாள், கண் பார்வை மங்கியிருந்தது. நல்ல மனுஷி, பால் விடாத கட்டன் சாயாவும் வாழைப்பழமும் வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். "எத்ர குஞ்ஞுங்ஙள் அம்மே" என்றாள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள், எந்தப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியவில்லை. என் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, "ஆ, இப்போ ஓர்மை வந்நு, நல்ல சுந்தரிக்குஞ்ஞு" என்றாள். என் மனசு நோகக் கூடாது என்று சொன்ன பொய் அது. நான் காலமெல்லாம் உன் அப்பா சொன்னதாக நினைத்திருந்த பொய் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு குறிப்பும் இல்லாமல், எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"அவளுக்கு ஓர்மை இல்ல" என்று இவரிடம் சொன்னேன். "அப்போ இது எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். "நானும் போயிட்டா ஒருத்தருக்கும் தெரியாம போயிரும்." அதற்குப் பிறகுதான், இதைச் சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னார். "நான் கேட்டதும் நீ சட்டுனு சரின்னு சொல்லல்ல. 'பொறுங்க, நல்லா ஒரு தடவ பாத்துக்கிடுதேன், இந்த மொகத்த நான் மறந்துரக் கூடாது'ன்ன. துணிய விலக்கச் சொன்ன. நெத்தி, கண்ணு, காது, கை, காலு எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் பாத்த. ஏளா, ரொம்ப நேரம் பாத்த. டாக்டரும் காத்துக்கிட்டு நின்னாரு. பொறவு, 'சரி, இனி மறக்க மாட்டேன், கொண்டு போங்க'ன்ன."

எனக்கு அழுகை வரவில்லை. "மொகம் எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன். ஒரு குடத்தின் நெளிவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற மனிதருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. "காது சின்னது. நெத்தி வரைக்கும் முடி" என்றார். மறுபடி மறுபடி கேட்டேன். அந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறொன்றும் வரவில்லை. அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்விட்டார், நீ வந்து கொள்ளி வைத்தாய். என் மகளைப் பற்றி என்னிடம் இருப்பது இரண்டே இரண்டு, சின்னக் காது, நெற்றி வரைக்கும் முடி. இப்போது உன்னிடமும் இருக்கிறது.

அந்த மருந்தை யாருக்கும் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த டாக்டர் கொடுக்காமல் விட்டிருந்தால் நான் திமிறின திமிறலில் உன்னை வளர்க்க நான் இருந்திருப்பேனோ என்னவோ. பயத்தில் நடுங்குகிறவர்களுக்குக் கொடு. ஆனால் கொடுத்த பிறகு அவர்கள் கண்ணை முழித்துப் பேசுவதைப் பார்த்து ஒருவரையும் ஏமாற விடாதே. வீட்டுக்காரர்களிடம் சொல், இவள் இப்போது சொல்வது இவளிடமே தங்காது, முக்கியமானது எதுவானாலும் பிறகு கேளுங்கள் என்று சொல். நாளைக்கு வைத்திருக்க முடிகிற காரியமானால் நாளைக்கு வைக்கச் சொல், வழக்கம் என்று யார் கத்தினாலும் உன் பேச்சை அவர்கள் கேட்பார்கள், நீ டாக்டர்.

எல்லாம் நாளைக்கு வரை காத்திருக்காது, அது எனக்குத் தெரியும். காத்திருக்க முடியாத ஒன்றை ஒருத்தியின் நெஞ்சில் கிடத்த வேண்டி வந்தால், நீ அந்த இடத்தை விட்டு நகராதே. அவள் பார்ப்பதையெல்லாம் நீயும் பார். நெற்றியைப் பார், கண்ணைப் பார், மூக்கைப் பார், யார் சாயலில் இருக்கிறது என்று பார், அவள் என்ன பேசுகிறாள் என்று கேள். அவள் விழித்து "என் பிள்ளை எங்கே?" என்று கேட்கும்போது வேறு யாரையும் அனுப்பாமல் நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல். அவள் நம்ப மாட்டாள். பொய் சொல்லுகிறாய் என்று கத்துவாள், உன் கையைத் தட்டிவிடுவாள். எழுந்து போய்விடாதே மக்கா. மறுபடியும் சொல்.

அம்மா